முழங்கையில் இரண்டு தட்டு

பால்டிமோர்
13 செப்டம்பர் 1908

அன்புள்ள அமோஸ்,

நீயும் உன் இரண்டு கைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று கர்த்தரை வேண்டிக்கொண்டு சைரஸ் எழுதுவது.

உன் கடிதத்தை முடிதிருத்தும் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பாரீஸில் வெள்ளைக்காரர்களோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறாய், பரிமாறுகிறவன் உனக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறான் என்ற இடம் வந்ததும் கிழவர் ஹோரஸ் சவரக்கத்தியை நிறுத்திவிட்டார். "அளக்குறான்யா, நல்லா அளக்குறான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பொறாமையாகவும் இருந்தது. நான் இப்போது துறைமுகத்தில் சிப்பி மூட்டை இறக்குகிறேன். இடது காது இன்னும் கேட்கவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு குத்துச்சண்டை மேடை ஏறவில்லை.

கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்ததை மட்டும் அங்கே படிக்கவில்லை. "லூசியஸ் இதயம் பலவீனமாகித்தான் செத்தான்னு பேப்பர்ல போட்டிருக்கான். மெய்யா? அவன் தட்டலையாடா?" என்று கேட்டிருக்கிறாய். மூன்று வாரமாக இதற்குப் பதில் எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன்.

கறுப்பனோடு மோதமாட்டோம் என்று வெள்ளைச் சாம்பியன்கள் கோடு கிழித்துவிட்டதால்தானே நாம் மூவரும் ஒருவரையொருவர் அடித்தே வயிறு வளர்த்தோம். லூசியஸோடு மட்டும் நான் பதினேழு தடவை மோதினேன். அவன் பெண்டாட்டிக்குத் தெரியாத விலா எலும்பெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் மறுபடி மோத வேண்டிய உடம்பு என்றுதானே நீ அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தாய்? கட்டிப்பிடிக்கும்போது எதிராளியின் முழங்கையில் இரண்டு தட்டு. தலை சுற்றுகிறது, ஒரு சுற்று அடிக்காமல் பொறுத்துக்கொள் என்று அர்த்தம். ஆறு வருஷத்தில் நம்மில் ஒருவரும் அதை மீறியதில்லை.

அமோஸ், அவன் தட்டினான்.

ஏப்ரலில் அந்தக் கடைசிச் சண்டையன்று மத்தியானம் பந்தயம் நடத்துகிறவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "முன் வரிசையில வெள்ளைச் சாம்பியனோட மேனேஜர் உக்காரப்போறாரு. இன்னிக்கு யார் எதிராளியைச் சாய்க்கிறானோ அவனுக்குத்தான் சாம்பியனோட மோத வாய்ப்பு. லூசியஸ்கிட்ட மூச்சு விடாதே" என்றான். நான் மூச்சு விடவில்லை. ஆறாவது சுற்றில் லூசியஸ் என்மேல் சாய்ந்து வலது முழங்கையில் இரண்டு தரம் தட்டினான். அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அந்த மேனேஜர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே எழுந்தார். போய்விடுவார் என்று பயந்துவிட்டேன். லூசியஸ் கையைத் தாழ்த்தியிருந்தான், நான் பொறுப்பேன் என்று நம்பித் தாழ்த்தியிருந்தான். அடித்தேன். அவன் கண் சொருகிய பிறகுதான் பதறிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போய்விட்டது.

மேனேஜரைத் தேடிப் போனேன். "எங்க ஆளு கறுப்பனோட மோதுவான்னு நான் எவன்கிட்ட சொன்னேன்?" என்றார். அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தாராம்.

அதிலிருந்து என் வலது முழங்கையை யாரோ தட்டுகிறார்கள். டிராமில் தட்டுகிறார்கள், தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது தட்டுகிறார்கள். திரும்பினால் ஒருவரும் இல்லை. இரண்டு தட்டுதான், மூன்றாவது வருவதில்லை. டாக்டர் நரம்பு என்கிறார். எனக்கு நரம்பையும் தெரியும், லூசியஸின் விரலையும் தெரியும்.

அவன் மனைவி ஒடெஸா ஞாயிறுதோறும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவன் நாற்காலியில்தான் உட்கார வைக்கிறாள். சோள ரொட்டியை என் தட்டில் வைத்துவிட்டு இன்றைக்கும் அதையேதான் சொன்னாள்: "கீழ விழாம நீங்க புடிச்சீங்களேண்ணே. எம் புருஷன் வேத்தாள் கையில விழல, அதுவே எனக்குப் போதும்." உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஒவ்வொரு வாரமும் போகிறேன். அவள் இன்னொரு துண்டு வைக்கிறாள், நான் தின்றுவிட்டு வருகிறேன். என்னைப்போல ஒரு கோழை உண்டா?

நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். ஒடெஸாவுக்கு எழுத்து தெரியாது. அவளுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்கிறேன். உன் இரங்கல் கடிதத்தையும் நான்தான் படித்தேன். நீ அவள் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. அவன் தட்டினான், சைரஸ் தெரிந்தே அடித்தான் என்று எழுது. என்மேல் இரக்கப்பட்டு எதையும் மழுப்பாதே. அவள் உறையைப் பிரிக்காமல் என் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டுவேன், சத்தியம்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். தாமதிக்காதே, அமோஸ். அடுத்த கப்பலிலேயே அனுப்பு.

உன்
சைரஸ் கெய்தர்