சம்பந்தி வீட்டுக் கார்க் கதவு

திண்டிவனம்
6-10-86

அன்புள்ள சீனுவாசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்றுதான் ஒரு கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அப்படி ஆரம்பிக்காதவனுக்கு இரண்டு மார்க் குறைத்தவன் நான், ஆகையால் சௌக்கியம். மஸ்கட் வெயிலில் நீயும் சௌக்கியமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருப்பதைப் பார்த்துப் பேனாவைச் சந்தேகிக்காதே, நீ அனுப்பியது நல்ல பேனா. இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். உன் அம்மா சாயங்காலம் கோயிலுக்குப் போகும் நேரத்தில் எடுத்து, அவள் திரும்புவதற்குள் அகராதிக்குள் வைத்துவிடுகிறேன். அகராதியை இந்த வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை.

முதலில் நல்ல செய்தி. உன் தங்கை வேணி முழுகாமல் இருக்கிறாள், மூன்று மாதம். இதை அவள் எழுதவில்லை, கெடாரிலிருந்து அவள் மாமியாரும் சொல்லியனுப்பவில்லை, கல்யாணத்தைப் பேசி முடித்த கண்ணையன் வந்து சொல்லித் தெரிந்துகொண்டோம். அவள் மாதம் ஒரு கார்டு போடுகிறாள், எல்லாரும் நலம் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இருப்பதில்லை, அந்த வீட்டில் எட்டுப் பேர் படித்த பிறகுதான் கார்டு தபால் பெட்டிக்குப் போகிறது. ஆடிக்குப் பெண்ணை அழைத்துவரப் பார்த்தோம், அனுப்பவில்லை. உன் அம்மா சீர்த் தட்டோடு போய்த் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் பஸ் ஏறி வந்தாள். வேலை அதிகம் என்று அனுப்பவில்லையாம் என்று உனக்கு எழுதியிருந்தேன், அது பொய். காரணம் ஒரு கார்க் கதவு. நீ சிரிக்கலாம், நானும் முதலில் சிரிக்கத்தான் பார்த்தேன்.

வைகாசியில் நடந்த கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் காரின் கதவைத் திறந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கி, மாலை போட வேண்டியவன் பெண்ணின் உடன்பிறந்தவன், அதாவது நீ. பங்காளி வீட்டுப் பிள்ளை யாரையாவது நிறுத்தலாம் என்றுதான் கண்ணையன் சொன்னான். என் மகன் இல்லாத இடத்தில் நான் நிற்பேன் என்று சொன்னது என் வாய். பொங்கலுக்குக் கரும்பை ஒடிக்க முடியாமல் போனதும், பீரோச் சாவியைத் திருப்ப இரண்டு கையும் தேவைப்பட்டதும் எனக்குத் தெரியும், ஆனால் கதவு என்றால் கதவுதானே என்று நினைத்தேன். என் ஆயுளில் நான் காரில் ஏறியது ஒன்பது முறை. ஒன்பது முறையும் தலைமை ஆசிரியர் என்ற மரியாதைக்கு யாராவது ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார்கள். மரியாதையில் உள்ள கெடுதல் இது, எந்தப் பொத்தான் எவ்வளவு அழுத்தம் என்று தெரியாமலே ஒருவன் கிழவனாகிவிடுகிறான்.

அம்பாசிடர் காரின் கதவுப் பிடியை நீ கவனித்திருக்கிறாயோ என்னவோ. நல்ல கனமான பிடி, யானையைக் கட்டலாம். அதன் ஒரு முனையில் சட்டைப் பொத்தானை விடச் சற்றுப் பெரிதாக ஒரு பொத்தான். நான்கு விரலால் பிடியைப் பற்றிக்கொண்டு கட்டைவிரலால் அந்தப் பொத்தானை உள்ளே தள்ள வேண்டும். கார் வாங்கும் வசதி வருவதற்குள் மனிதனுக்குத் தலை நரைத்துவிடுகிறது, பொத்தானை மட்டும் வாலிபனுக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். விழுப்புரத்து அரிசி மில்காரருடைய வெள்ளை அம்பாசிடர், சரம் சரமாகப் பூ, மண்டப வாசலில் வந்து நின்றது. நான் போய்ப் பிடியைப் பற்றிக் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார், பிறகு மூன்றாவது முறையும் வாசித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினால் என் முகம் சிரிப்பது போல இருக்குமாம், போட்டோவில் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா வேங்கடேசன் அந்தப் பக்கத்துக் கதவால் இறங்கிச் சுற்றிவந்து, என் கையை விலக்கிவிட்டு, ஒரே அழுத்தில் திறந்தார். அன்றிலிருந்து அவர் கெடார் முழுவதும் சொல்லிக்கொண்டு வருவது இது: "பொண்ணப் பெத்தவன் கதவுல கைய வெச்சிக்கினு, சிரிச்சிக்கினு நிக்கிறான், தொறக்கல. எங்க புள்ள என்னா பிச்சைக்கா வந்து உள்ள குந்தினு கீது? வாத்தியாருக்கு அவ்ளோ திமுரு."

அவர் அப்படி நினைத்ததற்கு நானே அஸ்திவாரம் போட்டு வைத்திருந்தேன். நிச்சயதார்த்தத்தன்று அவர்கள் கார் ஊர்வலம் வேண்டும் என்று கேட்டபோது, ஏன், மாப்பிள்ளைக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். சபையில் நாலு பேர் சிரித்தார்கள். கால் அவருக்கு நன்றாகவே இருக்கிறது.

இனி கையைப் பற்றி. ஆனியில் உன் அம்மாவுக்குத் தெரியாமல் புதுச்சேரி போய் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறது, இரண்டு கையிலும். ஊசியால் குத்தினார், வலித்தது. வலிப்பது நல்லது, பெரிய வியாதியாக, அதாவது குஷ்டமாக இருந்தால் வலிக்காது என்றார். பிறகு என்ன வியாதி என்று கேட்டேன். அவர் இரக்கம் உள்ளவர், ஆகையால் இங்கிலீஷில் சொன்னார். நரம்பு சதைக்கு வேலை சொல்வதை நிறுத்திவிடுகிறதாம், சதை வேலையில்லாமல் கரைந்துபோகிறதாம், மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம். கை மட்டும்தானா என்று கேட்டேன். முதலில் கை என்றார். நானும் இரக்கம் உள்ளவன், ஆகையால் உன் அம்மாவிடம் சத்துக் குறைவு என்று தமிழில் சொல்லியிருக்கிறேன். அவள் தினம் கேப்பைக் கூழும் அவித்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்து என்னைத் தேற்றுகிறாள். சட்டைப் பொத்தானை இப்போது அவளைத்தான் போட்டுவிடச் சொல்கிறேன். வயதான காலத்தில் எனக்கு அவள்மேல் ஆசை வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அஞ்சம்மாளிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாளாம். அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தியிடம் போய், ஐயா எனக்குத் திமிர் இல்லை, கையில் பலம் இல்லை என்று சொன்னால் தீர்ந்தது என்று நீ நினைப்பாய். கையைக் காட்டச் சொல்வார்கள். விரல் ஒடுங்கி, சதை வற்றி, பள்ளம் விழுந்த கையை நம் ஜில்லாவில் பார்த்தவர்கள் அதற்கு ஒரே பெயர்தான் வைப்பார்கள், ஊசியால் குத்தினால் வலிக்கிறது என்று நான் வீடு வீடாகப் போய்க் குத்திக் காட்ட முடியாது. அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். வியாதிக்காரன் மகள் வயிற்றில் அவர்கள் வீட்டுப் பிள்ளை என்று பேச்சு வந்தால், வேணி ஆடிக்கு வராததற்கும் சேர்த்து நிரந்தரமாக நம் வீட்டுக்கு வந்துவிடுவாள். திமிர் பிடித்தவன் மகளை வைத்துக் குடும்பம் நடத்தலாம், அந்தக் குறையோடு எத்தனையோ பெண்கள் வாழ்கிறார்கள். ஆகவே திமிரைத் தேர்ந்தெடுத்தேன். கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறேன், யாருக்கும் கும்பிடு போடுவதில்லை. பெயருக்கு ஏற்ற நடத்தை என்று ஊரார் திருப்தியாக இருக்கிறார்கள்.

ஆவணியில் கண்ணையன் நடுவில் நின்று ஒரு சமாதானம் பேசினான். தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் நம் வீட்டுக்கு வருவார்கள், அதே கார், அதே பக்கம், தெருவில் நாலு பேர் பார்க்க நான் கதவைத் திறக்க வேண்டும். அதோடு பழசெல்லாம் தீர்ந்தது. நான் வேறு பேச்சை எடுத்ததைப் பார்த்துக் கண்ணையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா வாத்தியாரே, ஒரு பட்டன அமுக்கினா தீர்ற விசயம், இத்தப் போய் பேஜாரு பண்ணிக்கினு கீறீங்களே. மச்சான் தொறக்கறதுதான் மொற, தம்பி ஊர்ல இருந்தா உங்கள யாரு கேக்கப் போறாங்க" என்றான். சரி, திறக்கிறேன் என்றேன். பெரிய பெரிய ராஜாக்கள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டபோது இவ்வளவு யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டாக்சி ஓட்டும் ராயப்பன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். எங்க சார் போவணும் என்றான். எங்கும் இல்லை, கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். "ஏறாம தொறந்தா அதுக்கு வெயிட்டிங் சார்ஜிதான் சார்" என்று சிரித்தவன், நான் மூன்று முறை அழுத்துவதைப் பார்த்ததும் சிரிப்பதை நிறுத்திவிட்டான். என் வண்டியில் பட்டன் கொஞ்சம் இறுக்கம் என்று பொய் சொன்னான். வகுப்பில் இருந்த காலத்திலும் அவனுக்குப் பொய் சரியாக வராது. வாரத்தில் மூன்று நாள், சவாரி இல்லாத மத்தியான நேரத்தில், புளியமரத்துக்குப் பின்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவான், நான் பயிற்சி செய்வேன். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்திப் பார்த்தேன், முழங்கையால் பார்த்தேன், கட்டைவிரல் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். இது கொஞ்சம் பலித்தது, பத்து முறைக்கு நாலு முறை திறந்தது. நம் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வாங்கினால் பாஸ், ஆகவே நான் பாஸ். ஆனால் அன்று எனக்குப் பத்து முறை தரமாட்டார்கள். புரட்டாசி பிறந்ததும் அது பத்துக்கு இரண்டானது. போன வெள்ளிக்கிழமை ஒன்று. ராயப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "போதும் சார், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். நாளைக்கு என்பது இந்த விஷயத்தில் எனக்கு விரோதி என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது. அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நேற்று கண்ணையன் கெடாரிலிருந்து வந்தான். வேணியைக் கிணற்றடியில் பார்த்தானாம். அவள் சொல்லச் சொன்னதாக, பெண்ணுக்குத் தகப்பன் மேல் உயிர் என்ற பீடிகையோடு, அப்படியே சொன்னான். "அப்பாவ கதவு மேல கைய மட்டும் வெச்சிக்கினு நிக்கச் சொல்லுங்க மாமா, அது போதும். நான் உள்ளாரதான் குந்தினு இருப்பேன்." கண்ணையனுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு விளங்கியது, உள்ளேயிருந்து அவளே திறந்துவிடுவாளாம். தாரை வார்த்துக் கொடுக்கும்போது அவள் என் கையைக் கீழேயிருந்து இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அது இல்லை. அந்தக் கையில் பிடிமானம் இல்லை என்று தெரிந்து, சபையில் அது நழுவாமல் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அப்படியானால் நாலு மாதத்துக்கு மேலாக அந்த வீட்டில் என்னைத் திமிர் பிடித்தவன் என்று எட்டுப் பேரும் சொல்லும்போது, உண்மை தெரிந்தே வாயை மூடிக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். நான் தேர்ந்தெடுத்ததையே அவளும் தேர்ந்தெடுத்திருக்கிறாள், என்னைக் கேட்காமலே.

இனி அன்று நடக்கப் போவதை யோசித்துப் பார். கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளை. உள்ளே இருக்கும் பிடியைத் தள்ள வேண்டுமானால் அவர் மடிக்குக் குறுக்கே வயிற்றுப்பிள்ளைக்காரி கையை நீட்ட வேண்டும். அவர் பார்ப்பார், பார்த்தால் கேட்பார், முன்சீட்டில் வேங்கடேசன் இருப்பார். அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள். என் கட்டைவிரலுக்காக அவள் தன் வாழ்க்கையை ஒரு கார்க் கதவின் பிடியில் கொண்டுபோய் மாட்டுகிறாள்.

தீபாவளிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். நீ வந்து வாசலில் நின்றால் முறைப்படி நீதான் திறப்பாய், யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆவணியில் நான் சும்மா வந்துவிட்டுப் போயேன் என்று எழுதினேன், நீ லீவு இல்லை என்று எழுதிச் சட்டைத் துணி அனுப்பினாய். துணி நன்றாக இருக்கிறது, தைக்கும்போது பொத்தான் வைக்க வேண்டாம் என்று தையற்காரனிடம் சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் மோர் குடி, ராத்திரி தனியாகக் கடற்கரைப் பக்கம் போகாதே. எல்லா நலமும் பெற்று நீ தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வதிக்கிறேன், கடிதத்தில் ஆசீர்வாதம் செய்வதில் ஒரு சௌகரியம், கையைத் தூக்க வேண்டியதில்லை. ஒன்றை மறக்காதே, உன் கடிதங்களை உன் அம்மாதான் முதலில் பிரிக்கிறாள், அதில் கையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. வருவதாக இருந்தால் தேதியை மட்டும் தந்தி கொடு. லீவு கேட்கும்போது கார்க் கதவைத் திறக்க என்று சொன்னால் எந்த ஊரிலும் தரமாட்டார்கள். அப்பா நெடுநாள் இருக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொல். வயதான காலத்தில் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதே, நான் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
தி. பாண்டுரங்கன்