இகுவானா கேட்கும் பாப்பாவுக்கு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாமாவின் இருமல் நின்றதா?

பாப்பா பிறந்தநாளுக்கு இகுவானா கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். போன வாரம் ஏசி பழுது பார்க்கப் போன வீட்டில் ஒரு டீச்சரம்மா அந்தப் பெரிய ஓணானை வளர்க்கிறார். விளக்குச் சூட்டில் அறை குளிராதே என்று நான்தான் அதன் கூண்டு விளக்கை அணைத்தேன். மதியத்துக்குள் அது கட்டையாகக் கிடந்தது.

"அதுக்குத் தானா சூடு வராதுப்பா. நெஞ்சோட அணைச்சுக்கோ" என்றார் டீச்சரம்மா. அணைத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துக் கண் திறந்து, வாலால் ஒரு போடு போட்டது. கையில் சின்னக் கீறல்தான், பயப்படாதே.

ஆளுயரம் வளருமாம். பதினைந்து வருஷம் வாழுமாம்.

"வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணுதான் யோசிக்கணும். தினமும் நாம வீட்ல இருப்போமா?" என்று கேட்டார். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இகுவானா வேண்டாம் என்று பாப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல். அவளுடைய பழைய கவுன் ஒன்றைப் பார்சலில் வை, ஸ்பேனர் துடைக்கத் துணி இல்லை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஒன்று சொல்ல மறந்தேன். நெஞ்சில் அது கனத்த கனம், நான் முதன்முதலாக வெளிநாடு புறப்பட்ட அன்று பாப்பா இருந்த கனம்.

உன் வீட்டுக்காரன்