வெறுங்கை நடை

திருப்பூரில் இருக்கும் என் கண்ணு அருணாவுக்கு, கொல்லிமலை வாழவந்தி நாட்டிலிருந்து உன் அப்பன் செங்கோடன் சொல்லச் சொல்ல, பக்கத்து ஊட்டுச் சுகுணா எழுதுகிறாள். நானும் உன் அத்தை கண்ணாயியும் சுகம். போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

ஈரலில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, வயிறு குறையாவிட்டால் தை மாதம் வந்து திருப்பூருக்கே கூட்டிப்போய்விடுவேன் என்று சொன்னாய். அன்றிலிருந்து நடக்கிறேன் சாமி. வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு சீக்கிரம் கரையும் என்று கடைக்காரப் பூபதி போனில் பார்த்துச் சொன்னான். விடியலில் மேட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறி, மிளகுக் கொடியோரம் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். நர்சம்மா திட்டினார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றோடு போகக் கூடாதாம். காலையோ சாயங்காலமோ, விடாமல் நடப்பதுதான் முக்கியமாம். பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது, அதுதான் வேகம் என்றார்.

அப்படியே ஒரு சாயங்காலம் கிளம்பினேன். நம் ஊரில் வயசான ஆள் சுமையில்லாமல் வேகமாகப் போனால் எழவு சொல்லப் போகிறான் என்று அர்த்தம், உனக்கே தெரியும். குப்புசாமியின் அப்பன் செத்த அன்று, கேழ்வரகு அறுப்பு, சாரல் மழை, நான்தான் தேவனூர் நாட்டுக்கு அப்படி நடந்தேன். அது அன்றைக்கு நினைப்பில் வரவில்லை பார். எதிரே வந்த குப்புசாமி, ஏனுங்க மாமா, வெறுங்கையோட எங்கீங்க என்று கேட்டான். மூச்சு வாங்க, திரும்பி வந்து சொல்றேன் என்றேன். போதாதா?

அத்தைக்குக் காய்ச்சல் என்று ஊருக்கே தெரியும். நான் திரும்பினபோது வாசலில் கூட்டம். பாப்பாயி ஒப்பாரியே எடுத்துவிட்டாள். அத்தை களிக் கையோடு வெளியே வந்து, ஏன்டி பாப்பாயி, இம்புட்டு நல்லாப் பாடறவ நான் போனப்புறம் வந்து பாடேன், இப்பக் களி ஆறுது என்றாளாம். பிறகு என்னைத் திட்டியதைச் சுகுணா எழுத மாட்டேன் என்கிறாள்.

இப்போது தலையில் புல்லுக்கட்டோடு நடக்கிறேன். யாரும் பயப்படுவதில்லை, மாட்டுக்கும் தீனி ஆச்சு. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது, இறுக்கி முடிந்திருக்கிறேன். சர்க்கரையும் குறைந்திருக்கிறது என்றார் நர்சம்மா. ஈரலை இனிமேல் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உன் அம்மா போனபோது, சேதி கிடைத்து நீ மலை ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் என்னைக் கூப்பிடுகிறாய். எனக்குத் தெரியாதா கண்ணு.

தைக்கு வா. என்கூட அந்த மேட்டில் ஒரு நடை ஏறிப் பார். அப்புறமும் நான் வரத்தான் வேண்டும் என்றால் வாரேன், மறுபேச்சு இல்லை. ஆனால் அத்தை மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். அவளிடம் மட்டும் நீயே சொல்லிவிடு சாமி. என்னால் ஆகாது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி அண்டாமல் நல்லா இருங்க.

உன் அப்பன்,
செங்கோடன்