தாடை வலித்த வருஷம்

பிப்ரவரி 10, திங்கள்

எழுந்ததிலிருந்தே தலைவலி. வலது காதுக்கு முன்னால் ஏதோ குத்துகிறது. போன வாரமே காது டாக்டரிடம் காட்டியாயிற்று. காதில் ஒன்றுமில்லை, பல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பல் வலிக்கவே இல்லையே?

துறைமுகத்தில் இன்று மூன்று கன்டெய்னர் எடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க போன். சாயங்காலம் வாயைத் திறந்து பேசவே அலுப்பு. குவைத்திலிருந்து கிருபை கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் வார்டை மாற்றிவிட்டார்களாம். தலைவலியைப் பற்றிச் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மத்தியானம் பரோட்டாவைக் கடிக்கப் போனவனுக்கு வாய் திறக்கவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுதான். பயந்துவிட்டேன். எதிரில் எங்கள் கிளியரிங் ஏஜென்சி முதலாளி மூஸா நெய்னா, எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் ‘காக்கா’. தன் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் தானாக விட்டது. சனிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 15, சனி

பல் டாக்டர் கண்ணாடியில் காட்டினார். பற்கள் தேய்ந்து தட்டையாக இருக்கின்றன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம், தாடை மூட்டு அதனால்தான் வலிக்கிறதாம். பக்கத்தில் படுப்பவர்கள் யாராவது சத்தம் கேட்டதாகச் சொன்னார்களா என்று கேட்டார்.

“யாரும் இல்ல” என்றேன். அப்புறம்தான் மனைவி கிருபை குவைத்தில் நர்ஸ் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொல்ல வந்தது?

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தவில்லை, எல்லாப் பற்களையும் ராவி மேலே உறை மாதிரி கேப் போட்டுவிடலாம், திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம் என்றார். சரி என்று வந்துவிட்டேன். வலி போனால் போதும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து கிருபையிடம் எல்லாம் சொன்னேன்.

“நீங்க பல்லைக் கடிக்குத சத்தம் கல்யாணமான மொத வாரத்துலயே எனக்குத் தெரியும்” என்றாள். “தாடையில கை வச்சா நிறுத்திருவீங்க.”

பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் கூச்சப்படுவேன் என்று நினைத்தாளாம்.

“ராவுன பல்லு திரும்ப வளராதுங்க. பிடிக்கலன்னா நிறுத்திக்கிடக்கூடிய வைத்தியம் எதுவோ அத மொதல்ல பாப்போம். இன்னொரு டாக்டர்ட்ட காட்டாம நாளைக்குப் போகாதீங்க.”

கை வைத்தால் நிறுத்திவிடுவேனாம். தூக்கத்தில்கூட அவள் கையைத் தெரிந்திருக்கிறது எனக்கு.

பிப்ரவரி 17, திங்கள்

போகவில்லை. போன் செய்து சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

பாளையங்கோட்டை. இவர் ஒரு பெண் பல் டாக்டர், ஐம்பது வயதிருக்கும். அவசரப்படவில்லை. இரண்டு காதுக்கு முன்னாலும் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். இரண்டு விரல்தான் நுழைந்தது. மூன்று நுழைய வேண்டுமாம்.

பல்லை ராவுவது, ஆபரேஷன் எல்லாம் இதற்கு முதல் வைத்தியம் இல்லை, அநேகம் பேருக்கு எளிய வழியிலேயே சில மாதத்தில் குறைந்துவிடும் என்றார். கொஞ்ச நாள் மெதுவான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், ஒரு வாரத்துக்கு மாத்திரை. தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பிளேட்டுக்கு அச்சு எடுத்தார். அந்தப் பிளேட் பல்லைக் காப்பாற்றும், கடிக்கிற பழக்கத்தை நிறுத்தும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். அப்படிச் சொன்னதாலேயே அவரை நம்பத் தோன்றியது.

பகலில் உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் தொடக்கூடாது. எப்போதெல்லாம் கடிக்கிறேன் என்று பார்த்து எழுதி வர வேண்டும்.

மார்ச் 3, திங்கள்

இன்று கடித்தது: கஸ்டம்ஸ் வெப்சைட் வேலை செய்யாதபோது. லாரியை கேட்டில் நிறுத்திவிட்டபோது. கிருபையோடு பேசிய இருபது நிமிஷமும்.

கடைசியை எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவளோடு பேசும்போது ஏன்? நாள் முழுக்க அந்தப் போனுக்காகத்தானே இருக்கிறேன்?

மார்ச் 9, ஞாயிறு

கிருபையின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கிற பேப்பர் வந்திருக்கிறதாம். இன்னும் இரண்டு வருஷம். “என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள்.

“உன் இஷ்டம்” என்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் போகட்டுமா என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். தடுக்கக்கூடாது, அவள் படிப்பு, அவள் வேலை என்று நினைத்தேன். அது சரிதான். ஆனால் போகாதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதே, அதை அவளுக்குத் தெரியவாவது விட்டிருக்கலாம் அல்லவா?

மார்ச் 15, சனி

பிளேட் வந்துவிட்டது. டாக்டர் இரண்டு இடத்தில் தேய்த்துச் சரிசெய்தார். நான் எழுதிக்கொண்டு போன தாளை முழுக்கப் படித்தார். வீட்டுக்காரி பெயர் தினமும் வருகிறதே என்றார். “இதுக்கு நான் பிளேட் செய்ய முடியாது தம்பி.”

பஸ்ஸில் வல்லநாடு தாண்டுகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

“கிருபை, எனக்கு நீ இங்கன வேணும். இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

“வியாழக்கிழமதான் கையெழுத்துப் போட்டேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “நீங்க ஒரு தடவகூட வான்னு சொன்னதில்லயே.”

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

மூணே மூணு நாள். மூணு நாளு முந்திச் சொல்லித் தொலைச்சிருந்தா என்ன, கூறுகெட்ட பயலே.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று வாரமாக அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பிட்டாயா, வெயில் எப்படி, ஒத்தடம் கொடுக்கிறீர்களா - இவ்வளவுதான்.

அலமாரியில் அவளுடைய பழைய வெள்ளை யூனிபார்ம் ஒன்று கிடந்தது. எடுத்துப்போய் இஸ்திரி போட்டு வாங்கி வந்தேன். எதற்கென்று தெரியவில்லை. மடிப்புக் கலையாமல் கையில் ஏந்திக்கொண்டே நடந்து வந்தேன்.

ஏப்ரல் 19, சனி

பாளையங்கோட்டை. கஷ்டப்பட்டு மூன்று விரல். காலையில் தலைவலி வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது. ‘டக்’கென்ற சத்தம் மட்டும் போகவில்லை. வலி இல்லாத சத்தத்தை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்.

தாடைக்குப் பரவாயில்லை. வீட்டுக்குள் நுழையும்போதுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

மே 2, வெள்ளி

ஆபீஸ் நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். கப்பல் நிற்கிற வார்ஃபில் இரைச்சல், ஓரமாக ஓடிப்போய் நின்று எடுத்தேன்.

“கையெழுத்துப் போட்டா என்ன, வேலைய விடுதேன்னு நோட்டீஸ் கொடுத்துட்டேன். இன்னும் மூணு மாசம் வேல பாத்தாத்தான் விடுவாங்க. ஆகஸ்ட்ல வாரேன்.”

எனக்காகவா என்று கேட்டேன்.

“உங்க பல்லுக்காக ஒண்ணும் இல்ல. எனக்கும்தான் உங்களத் தேடுது” என்றாள்.

இரண்டு பேரும் போனை வைக்கவே இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று கிருபைக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் முதல் நாள். நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். கேட்டில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

ஐந்தரைக்கு அவளைக் கூட்டிவரப் போக வேண்டும்.