மல்லிகைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான்

முத்துராஜ் கண்ணா, பெரிய செய்தி, ஓரமாக உட்கார்ந்து படி, உன் அம்மா இந்த வாரம் தங்கச்சி அன்புமொழியின் பத்தாம் வகுப்பில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து பாடம் படித்துவிட்டு வந்தேன், அதுவும் ஆணும் பெண்ணும் ஒருத்தரோடு ஒருத்தர் எப்படி ஒழுங்காகப் பழகுவது என்கிற பாடம்!

இங்கே நான், அப்பா, தங்கச்சி மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே சிங்கப்பூர் வெயிலும் மழையும் உன் உடம்பை ஒன்றும் செய்யாமல் குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. கீரமங்கலம் மார்க்கெட்டில் பூ விலை பரவாயில்லை. இந்த வகுப்புக் கதையைக் கேள், பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பாடம் என்றதும் அப்பா, "என்னடி, புள்ளைகளுக்குக் காதலிக்கச் சொல்லிக் குடுக்குறாகளாமுல்ல, நீ போய்ப் பாத்துட்டு வா" என்று குதித்தார், பெற்றோர் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள், சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன், கடைசியில் அந்த அழகம்மாள் டீச்சருக்கு ரசிகையாகித் திரும்பினேன், ஸ்டேட்டஸில் அவர் போட்டோவைக்கூட வைத்துவிட்டேன். இரண்டு பேரை எதிரெதிரே நிற்க வைக்கிறார், ஒருத்தர் எதையாவது கேட்க வேண்டும், மற்றவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கேட்டவர் "சரி" என்று மட்டும் சொல்லி ஓர் அடி பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. என்னையும் இழுத்துவிட்டார்கள். நான் உன் தங்கச்சியிடம் போனைக் கொடு என்றேன், அவள் வேண்டாம் என்றாள், என் வாயில் வந்தது "ஏன்டி?"தான்! வகுப்பே சிரித்தது. டீச்சர், "அக்கா, சரின்னு மட்டும் சொல்லிப் பாருங்க, வாய் வலிக்காது" என்றார். சொல்லிப் பார்த்தேன் கண்ணா, நிஜமாகவே வலித்தது.

பிறகு டீச்சர், பிரியமாக இருப்பதை எப்படிக் காட்டுவீர்கள் என்று கேட்டார். ஒரு பையன் எழுந்து, "எங்க இருக்க, யாரு கூட இருக்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும் டீச்சர், கேக்கலைன்னா அக்கறை இல்லன்னு அர்த்தம்" என்றான், பையன்கள் எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் திட்டவில்லை, "சரிப்பா, ஒன்னைய ஒருத்தவுக நாள் பூரா அப்படிக் கேட்டா என்ன செய்வ?" என்றார். அவன் தலையைச் சொறிந்து, "போனை ஆஃப் பண்ணிருவேன் டீச்சர்" என்றான். "நீ கேக்குற பொண்ணால ஆஃப் பண்ண முடியுமா?" என்றார் டீச்சர். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் எனக்கு ரஞ்சிதா ஞாபகம் வந்துவிட்டது.

உனக்குத் தெரியும், நம் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெண், அவள் கல்யாணத்தில் நீதானே பந்தியில் சாம்பார் ஊற்றினாய். திருப்பூரில் புருஷன் வீட்டில் இருந்தவள் சித்திரையில் தனியாகத் திரும்பி வந்துவிட்டாள். "அடிச்சானா?" என்றுதான் ஊரே கேட்டது, ஒரு நாளும் அடிக்கவில்லையாம். ஆனால் தெருவில் யார் போன் அடித்தாலும் எழுந்து நின்றுவிடுகிறாள். போன வாரம் மாவாட்ட நம் வீட்டுக்கு வந்திருந்தாள், என் போனுக்கு ஏதோ விளம்பரக் கால் வந்தது, அவள் கிரைண்டரை விட்டுவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்து, "வீட்டுலதாங்க இருக்கேன், பக்கத்துல யாரும் இல்லைங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். ரஞ்சிதா என்று தோளைத் தொட்டதும் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து மாவை வழித்தாள்.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி. வியாழக்கிழமை விடிந்ததும் உன் மாமன் மகள் தேவிப்ரியாவோடு அவர்கள் தோட்டத்தில் பூப்பறிக்கப் போனேன், வகுப்பில் நான் பட்ட அவமானத்தைச் சொன்னேன், அத்தை அத்தை என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது உன் வீடியோ கால் வந்தது. சிரிப்பு முகத்திலிருந்து துடைத்த மாதிரிப் போயிற்று கண்ணா. மடியிலிருந்த பூ கொட்டியதைக்கூடப் பார்க்காமல் போனை எடுத்து, "தோட்டத்துலதான் இருக்கேன் மச்சான், பக்கத்துல யாரும் இல்ல" என்றாள். யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டாய். சுற்றிக் காட்டு என்றாய். அவள் என்னைப் பார்த்து, உட்காருங்கள் என்கிற மாதிரிக் கையை மெல்லத் தாழ்த்தினாள், என் சேலை தெரிந்தால் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள் இல்லையா, நான் சட்டென்று மல்லிகைச் செடிக்குப் பின்னால் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பெற்றவள், உன் கண்ணில் படாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் என் தலைக்கு மேலே சுற்றிப் போனது. அத்தைதான் என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "முதல்ல யாரும் இல்லன்னு வாய் தானா வந்துருது அத்தை, பெறகு மாத்திச் சொன்னா அது வேற சண்டை. மச்சான் நல்லவுகதான், எனக்குத்தான் பயமாவே இருக்கு" என்றாள். ரஞ்சிதாவும் புருஷனை நல்லவர் என்றுதான் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும், "ரெண்டு நாளைக்கு இத நீங்க வச்சிக்கிறீகளா அத்தை, கொஞ்சம் தூங்கணும்" என்று போனை என் கையில் கொடுத்தாள். இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறது. நேற்றிலிருந்து அடிக்கிறது, நிற்கிறது, அடிக்கிறது. ஏர்போர்ட்டில் நான் எடுத்த உன் போட்டோ சிரித்துக்கொண்டு வருகிறது. என் பிள்ளை முகம்தான், எடுக்கக் கை வரவில்லை. வாயால் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆவணியில் வைத்திருந்த பரிசத்தை இப்போதைக்கு வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். காது குத்திய நாளிலிருந்து அவளை முத்துராஜ் பெண்டாட்டி என்றே கூப்பிட்டோம், மாமன் மகளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்து, உனக்குச் சம்மதமா என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. நீதான் முதலில் கேட்க வேண்டும். அவள் என்ன சொன்னாலும் அவளுக்கு நான் அத்தைதான், உனக்கு நான் அம்மாதான், அது மாறாது. வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதே, நூறு வயது நன்றாக இரு. இதை உன் ரூமில் இருக்கிற பையன்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு, அவர்கள் வீட்டுப் பெண்கள் போனை எடுத்ததும் முதலில் என்ன சொல்கிறார்கள் என்று ஒவ்வொருத்தரையும் யோசிக்கச் சொல், அவர்கள் சொன்னதை எல்லாம் எனக்கு எழுது. பதிலை என் நம்பருக்குப் போடு, அவள் நம்பருக்கு வேண்டாம்.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
சொர்ணவல்லி