கழிப்பேய் யாரென்று உரைக்கும் ஓலை

ஏழு கழிகளுக்கும் அவற்றின் கரை விளையும் நெல்லுக்கும் உரிமையுடைய நெடுங்கழி நாட்டு அரசி முகிலணங்கு நாச்சியாரின் திருவாக்கின்படி மகாமந்திரி தழும்பராயர் எழுதுவித்தது. குன்றவாயில் மன்னர் கொடுவிற்கோமான் நலம் பெறுக. அவர் மலையும் மக்களும் நலம் பெறுக. சில நாளாய் நலமின்றிக் கிடக்கும் அவர் அறிவும் நலம் பெறுக.

எம் விதைநெல் ஏற்றிய முப்பது படகுகளை உம் துறையில் மறித்தீர். படகுத் தலைவன் பொறையனுக்கு விலங்கிட்டீர். வரும் பௌர்ணமியன்று நெல்லை எரித்து அவனைக் கழுவேற்றுவதாக முரசறைந்தீர். காரணம் கேட்டோம். உயிர்களின் வரி படிக்கும் உம் வரிநாயகர் இரணியத்தரையர் எம் நெல்லை அரைத்து அதன் உயிர்நூலைப் படித்தாராம். நெல்லுக்கு உரியதல்லாத ஆறாயிரம் எழுத்துகளை அதில் கண்டாராம். பயிரழிக்க வந்த புதுப்பூச்சி என்று துணிந்து, கழிப்பேய் எனப் பெயரிட்டு, ஏழு நாட்டுக்கும் பொதுவான நால்வரிச் சாலை என்னும் சுவடியகத்தில் பதிந்தும் விட்டாராம். கழிப்பேய் எங்கு காணப்படினும் அதைச் சுமப்பதோடு சேர்த்து எரிக்க என்பது உம் ஆணை.

நால்வரிச் சாலை எதற்கென்று உமக்கு மறந்திருக்கும். புல்லாயினும் புலியாயினும் மனிதராயினும், உடலுக்குள் ஓடும் உயிர்நூல் அ, த, க, ச என்னும் நான்கே எழுத்தால் ஆனது; அவ்வெழுத்துகள் நிற்கும் வரிசையே ஓர் உயிரை மற்றோர் உயிரினின்று பிரிக்கிறது. படித்த வரிசைகளை எல்லாம் எண்ணிட்டு அங்கே அடுக்கியிருக்கிறோம். புது வரிசை கிடைத்தால் அதை ஒவ்வோர் அடுக்கின் சுவடியோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே பெயர் சூட்ட வேண்டும். இரணியத்தரையரோ பயிரடுக்கையும் பூச்சியடுக்கையும் மட்டும் புரட்டிவிட்டு, ஒப்பு ஏதுமில்லை என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார்.

எம் வரிநாயகி அல்லியங்கோதை பொறையனின் தங்கை. செய்தி வந்த அன்று அவள் சோறு தொடவில்லை. தமையனை மறந்து வரிசையை மட்டும் பார்க்குமாறு யாம் பணித்தோம். மறக்க இயலாதென்றும், மறக்காததாலேயே ஒரு சுவடியும் விடாமல் பார்ப்பதாகவும் மறுமொழி கூறிச் சாலைக்குள் போனாள்.

ஒன்பதாம் நாள் ஒப்பு கிடைத்தது. கிடைத்த இடம் மனிதர் அடுக்கு. ஆறாயிரத்தில் ஆறு எழுத்தே வேறுபாடு. நெல்லை அள்ளிய தன் தமையனின் கைதானோ அது என்று அவள் ஐயுற்றாள். ஆயினும் நிறுத்தவில்லை. வரி படிப்போர் பதவியேற்கும் நாளில் தம் எச்சிலைப் படித்து, அவ்வரிசையைச் சாலையில் ஒப்படைப்பது ஏழு நாட்டு வழக்கம். படிக்கும் பொருளில் படிப்பவரே கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்கு அது. யாரும் திறவாத அந்தக் கடைசி அடுக்கையும் அவள் திறந்தாள். நூற்றுப்பதினான்காம் சுவடியோடு ஓரெழுத்தும் பிசகவில்லை. அச்சுவடி இரணியத்தரையருடையது.

வெற்றிலை மென்றுகொண்டே எம் நெல்லை அரைத்திருக்கிறார். அல்லியங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் அழுதாள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் வாய்ச்சாற்றுக்காக எம் குடிமகன் கழுவேறுவதா?

ஆதலால் இது எம் ஆணை. பொறையனும் முப்பது படகுகளும் ஒரு மணி நெல்லும் குறையாமல் பௌர்ணமிக்கு முன் எம் துறை சேர வேண்டும். பொய்ப்பதிவை இரணியத்தரையர் தம் கையாலேயே நீக்க வேண்டும். மறுப்பீராயின், உம் முரசு அறைந்த ஆணை நிலைத்திருப்பதாகக் கொள்வோம். கழிப்பேய் இப்போது உம் வலப்பக்கத்து இருக்கையில் அமர்ந்து வெற்றிலை மெல்லுகிறது. அதை எரிக்க விறகு போதாதெனில் எம் படையினர் சுமந்து வருவார்கள்.

நாரை இலச்சினை இட்டோம். ஒத்த வரிசைகள் இரண்டும் இவ்வோலையோடு கட்டப்பட்டுள்ளன. உம் வரிநாயகர் எண்ணிச் சரிபார்க்கட்டும். தொடுமுன் வாய் கொப்பளிக்கட்டும்.