பொட்டுக்கு அடியில் இருந்த எண்

அப்பா, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதப் போகிறேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் என் விரல்களில் பெயின்ட் கரைக்கும் தின்னர் வாடை போகவில்லை. பேனாவை எடுத்தால் மூக்குக்கு வருகிறது.

கொமரலிங்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து நீங்கள் வாங்கி வந்த ஸ்கூட்டர் உங்களைவிட வயதானது. அதன் பதிவுப் புத்தகமான ஆர்.சி. காலாவதியாகிவிட்டதால் தெருவில் ஓட்ட முடியாது. ஆனாலும் பனியன் கம்பெனியில் வாரம் முழுக்கத் துணி வெட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால்தான் உட்காருவீர்கள். ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் பழமையான வண்டி என்று பதிவு செய்யலாம் எனத் தெரிந்த அன்று, நான் விதிகளைப் படிக்க, நீங்கள் கட்டிங் டேபிளில் துணி விரிப்பதுபோல் காகிதங்களைத் தரையில் பரப்பினீர்கள். தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் மட்டும் எடுக்கலாம் என்று படித்தேன்.

"பெட்ரோல் போடலாமாமா? எந்த பங்க்குன்னு போட்டிருக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"அப்பறமென்ன, அத்தனை தூரம் குண்டடம் வரைக்கும் போய்ப் போட்டுட்டு வருவோம்."

அம்மா அடுப்படியிலிருந்தே சிரித்தார். எல்லாப் படிவமும் நிரப்பினீர்கள். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் தாள் வைத்து, பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கும் வேலை மட்டும் பாக்கி. நான் கேட்கும்போதெல்லாம், "அது கடைசீல பாத்துக்கலாங் கண்ணு" என்பீர்கள். பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

அம்மா வண்டியைத் தன் பெயருக்கு மாற்றி விண்ணப்பித்தார். லோடு ஆட்டோவில் ஏற்றி இரண்டு முறை போக்குவரத்து அலுவலகம் போனோம். இரண்டு முறையும் ஆய்வாளர் குனிந்து டார்ச் அடித்துத் தேடினார். எண் கிடைக்கவில்லை.

"வண்டி நல்லாத்தாம்மா இருக்குது. நம்பரே இல்லாம நான் எதைப் பாத்துக் கையெழுத்துப் போடறது? கண்டுபுடிச்சுக் கொண்டாங்க."

திரும்பி வரும் வழியில், பல்லடம் ரோட்டில் சிக்னலுக்கு நின்றபோது அம்மா சொன்னார். "இன்னொருக்கா பாக்கலாம். அன்னைக்கும் இல்லீன்னா காயலான் கடைக்கே குடுத்தறலாங் கண்ணு. எனக்கு முடியில." அவர் பாதி நாள் லீவு கேட்டு வந்தவர், மீதி நாள் கம்பெனியில் நின்றபடி, தைத்து வரும் பனியன்களைப் பீஸ் பீஸாகச் செக் பண்ண வேண்டும். எனக்கும் களைப்பாகத்தான் இருந்தது. சரி என்றேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

நேற்றுத்தான் உங்கள் ஃபைலைக் கடைசித் தாள்வரை பார்த்தேன். பென்சில் படி ஒட்ட வேண்டிய வெற்றுத்தாளின் மூலையில், சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள்: 'பொட்டுக்கு அடியில்.'

ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்குப் பொட்டு வைப்பது என் வேலை. முதல் வருடம் எனக்கு நான்கு வயது. எட்டியது இன்ஜினுக்கு மேலே இருக்கும் அந்தத் தகட்டின் ஓரம்தான். கை எட்டத் தொடங்கிய பிறகும் அங்கேயே வைத்தேன். பூஜை முடிந்ததும், "எங்கண்ணு வெச்ச பொட்டு அழியக் கூடாது" என்று அதன் மேல் வார்னிஷ் பூசுவீர்கள். அடுத்த வருடப் பொட்டு அதற்கு மேல். அந்தத் தகட்டில் மேடு தட்டியிருந்ததைப் பெயின்ட் என்று ஆய்வாளர் நினைத்துவிட்டார்; அதற்கு அடியில் எண் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் ஏன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்று காலை பனியன் வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்துத் தேய்த்தேன். போன வருடப் பொட்டு முதலில் கரைந்தது. ஒவ்வொன்றாகப் போகப் போகப் பொட்டு சிறிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் இருந்தது கோணலாக, ஒரு மிளகு அளவுக்கு. அதன் மேல் துணியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து பார்த்தார். "நாந் தொடைக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று நானே துடைத்தேன்.

மாலை மூன்றாவது முறையாக வண்டியை ஏற்றிப் போனோம். ஆய்வாளர் தாளை வைத்துப் பிடிக்க, நான் பென்சிலால் தேய்த்தேன். எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஓர் எட்டின் வயிற்றில் மட்டும் குங்குமம் தங்கியிருந்து, அந்த இடம் சிவப்பாக ஏறியது. பழைய ஆர்.சி. புத்தகத்தோடு சரிபார்த்துத் தலையாட்டினார். இன்னொரு படி எடுத்து என் கணக்கு நோட்டில் வைத்துக்கொண்டேன். அதிலும் அந்த எட்டு சிவப்புத்தான், அப்பா. பொட்டில் மிச்சம் அவ்வளவுதான்.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிபந்தனைகளைச் சொன்னார். "தெனமும் ஓட்டக் கூடாதும்மா. ஷோவுக்கு, ரிப்பேருக்கு, பெட்ரோல் போட. அவ்வளவுதான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெட்ரோல் போட எத்தனை தூரம் போலாமுங்க சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்வதற்குள், நேரமாகிவிட்டது என்று அலுவலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.